எஸ்தர் டீச்சருக்குக் குங்குமம்

செங்கல்பட்டு
9 ஜூன் 2024

அன்புள்ள வச்சலா அத்தைக்கு,

அதிதி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். ஓசூரில் உங்கள் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? இரண்டும் அடங்கி இருந்தால் சந்தோஷம்.

கடிதம் வந்திருக்கிறதே என்று பயப்படாதீர்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. என் போன் மட்டும்தான் காலமாகி, அம்மாவின் பீரோவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. படூரில் பவானி மிஸ் நாட்டிய வகுப்பில் பெற்றோர் தினம். அலாரிப்பு இருக்கவேண்டிய பென் டிரைவில் ஒரு கானாப் பாட்டை முன்னால் சேர்த்துவிட்டேன். எட்டுப் பெண்கள் பக்தியோடு கைகூப்பி நிற்க, ஸ்பீக்கர் 'டண்டணக்கா' என்றது. மூன்றாவது வரிசையில் ஒரு தாத்தா எழுந்து ஆடியே விட்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான். "அடவு கத்துக்க அனுப்பினா அடாவடி பண்றே" என்றார் மிஸ். "ஆட்டம் போடாதேடி" என்றார் அப்பா. ஆடத்தானே ஃபீஸ் கட்டுகிறார்?

அம்மா போனில் பேசலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்ததும் மூர்த்தி மாமா ஸ்பீக்கரில் போட்டு, "அதிதின்னா விருந்தாளி, எப்பம்மா விருந்துக்கு வர்றே?" என்று கேட்பார். பதினாறு வருஷமாக அதே ஜோக். விருந்தாளி என்று பெயர் வைத்துவிட்டு இங்கே பாத்திரம் தேய்ப்பது யார் என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஜனவரியில் மாமல்லபுரம் கடற்கரை மேடையில் எங்கள் வகுப்புக்கு ஒரு மாலை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், தலைப்பு 'எங்கள் வீட்டுக்கு நடனம் வந்த வழி'. எங்கள் வீட்டுக்கு நடனம் அப்பாவின் ஸ்கூட்டரில் வந்தது என்று எழுதினால் மிஸ் அடிப்பார். அதனால் நம் கூடத்துப் படத்தில் இருக்கும் காமுவைப் போடலாம் என்று யோசனை. தாத்தாவின் அம்மா, பாட்டு டீச்சர், மூக்குக் கண்ணாடி, கையில் புத்தகம். ஆடாவிட்டாலும் பாடினாரே. எந்தப் பள்ளிக்கூடம்? என்னென்ன பாடுவார்? அப்பாவைக் கேட்டால் "அக்காவைக் கேளு" என்று பேப்பருக்குப் பின்னால் போய்விடுகிறார்.

நான் முத்திரை பிடித்து ஆடுவதற்குள் நீங்கள் முத்திரை குத்திய பதிலை அனுப்புங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு ஒரு முத்தம்.

அதிதி


ஓசூர்
20 ஜூன் 2024

செல்லம் அதிதிக்கு,

அத்தையின் ஆசிகள். உன் கடிதத்தை மாமாவும் நானும் சேர்ந்தே படித்தோம். கானாப் பாட்டு இடத்தில் மாமா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை நூற்றறுபது. சொன்னால் கேட்பதில்லை. இங்கே நல்ல மழை.

பிளஸ் ஒன் பாடம் கஷ்டமா? காலையில் எழுந்து படி. தலைக்கு எண்ணெய் வை.

காமு ஆயா பாட்டு டீச்சராக இருந்தார்கள். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் படத்தை மலரில் போடாதே அம்மா. பூஜைக்கு வைத்த படம், ஊரார் கையில் போகக்கூடாது. உன் பக்கத்துக்கு ஒரு நடராஜர் படம் போட்டுக்கொள், அழகாக இருக்கும்.

பலாச்சுளை வற்றல் அனுப்பியிருக்கிறேன். அளவாகத் தின்னு.

அத்தை


செங்கல்பட்டு
14 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு,

வற்றல் வந்தது, அளவில்லாமல் தின்றேன், நலம். இந்தக் கடிதத்தை மாமாவோடு சேர்ந்து படிக்காதீர்கள்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதுவதற்குள் நான் அப்பாவின் போனில் படத்தைப் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். மிஸ் அதை அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகம் நம் ஊரிலேயே, ரயில்வே ஸ்டேஷன் பக்கம். நடத்துகிறவர் ஞானதாஸ், எழுபத்திரண்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார், யாரையும் பார்க்கவில்லை, நேராகக் கூடத்துக்குள் வந்து படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, எங்கம்மா உங்க வூட்டு கூடத்துல இன்னா பண்ணினுகீறாங்க?"

அப்பா, "நீங்க யாரு? இது எங்க ஆயா" என்றார்.

"இல்ல சார். எஸ்தர் டீச்சர். மிஷன் ஸ்கூலு. எனக்கு அஞ்சு வயசுல செத்துப்போச்சு." பையிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் குரூப் போட்டோவை எடுத்தார். மூன்றாவது வரிசையில் கடுகு மாதிரி ஒரு தலை. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கண் எது மூக்கு எது என்று தெரியாதவரைக்கும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார் மனுஷர். அவரிடம் வேறு படமே கிடையாதாம். "சாவறதுக்கு மின்னாடி பஜார் ஸ்டுடியோல ஒரு படம் எடுத்துச்சுன்னு எங்கக்கா சொல்லும். யாரும் போய் வாங்கல. ஷோகேஸ்ல வெச்சிருந்தான்னும் சொல்லும்." அப்புறம் கண்ணாடி மேல் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். "இன்னா சார், சர்ச்சுக்குப் போனவங்க நெத்தில இப்டி பொட்டு வெச்சிட்டீங்க." திட்டவில்லை அத்தை. சிரித்துக்கொண்டே அழுதார். அது திட்டுவதைவிட மோசம்.

அப்பா கணக்குப்படி முப்பத்து நாலு வருஷம்! ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஒன்று விடாமல் எஸ்தர் டீச்சருக்கு வடை பாயசம். நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைத்திருக்கிறாள். நம் குடும்பத்திலேயே பெரிய குறும்புக்காரி நான்தான் என்று இத்தனை நாள் கர்வமாக இருந்தேன்.

அவர் போனதும் அப்பாவை விடவில்லை. பேப்பரைப் பிடுங்கிவிட்டேன். சொன்னார்.

"காமு டீச்சர் இல்லடி. கோயில்ல ஆடினவங்க. சாமிக்குப் பொட்டுக் கட்டினவங்க. தாத்தா பேரு கா. சம்பத்துன்னு இருக்குல்ல, அந்த 'கா' காஞ்சிபுரம் இல்ல. காமு. அவங்க வூடுங்கள்ல அம்மா பேருதான் முன்னாடி. அக்கா கல்யாணத்தப்ப படத்த மாத்தினோம். இதுக்கு மேல என்னக் கேக்காத. அக்கா சரின்னு சொன்னா போட்டுக்கோ. இல்லன்னா இல்ல."

ஆக என் பக்கம் இப்போது உங்கள் கையில். எனக்கு நடனம் ஸ்கூட்டரில் வரவில்லை அத்தை, ரத்தத்தில் வந்திருக்கிறது. என்னிடமே மறைத்துவிட்டீர்களே? உண்மையான காமுவின் படம் எங்கே? பெயரைப் போடலாமா? இரண்டே கேள்வி.

மாமாவின் இருமல் தேவலையா?

அதிதி


ஓசூர்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அதிதிக்கு,

ஆசிகள். மாமாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிறவர்களை மிரட்டுகிறார். வெயில் இல்லை. எனக்கு முழங்கால் பரவாயில்லை.

ஞானதாஸ் ஐயாவை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடையில் கொடுத்து நல்லதாக ஒரு காப்பி எடுத்துக் கொடுக்கச் சொல். சட்டத்தை மட்டும் பிரிக்க வேண்டாம். பழைய படம், கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கும், கிழிந்துவிடும். அப்பாவிடமும் சொல். பிரிக்க வேண்டாம்.

ஆடிப் பெருக்குக்கு அப்பளமும் கேழ்வரகு மாவும் அனுப்பியிருக்கிறேன். மாவை வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கச் சொல்.

அத்தை


செங்கல்பட்டு
25 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல், மாமாவின் கண் நலமா, எல்லாம் எழுதியாகிவிட்டது. இனி சண்டை.

கேள்வி அனுப்பினால் கேழ்வரகு அனுப்புகிறீர்கள். பதில் போடச் சொன்னால் அப்பளம் போடுகிறீர்கள். எனக்கு அடுப்பு மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இந்த ஒன்றரை மாதம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். காமு ஆடிய கோயிலுக்கு அப்பாவோடு போனேன். ஆபீசில் இருந்தவர், "ஆடினவங்க பேருலாம் இன்னாத்துக்கும்மா? அர்ச்சனைச் சீட்டு வேணும்னா வாங்கிக்க" என்றார். குருக்களைக் கேட்டேன், நட்சத்திரம் கேட்டார். கொடிமரத்துக்குக் கீழே ஒரு கல் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. யார் நின்று தேய்ந்தது என்று கேட்டேன். தண்ணீர் விழுந்து தேய்ந்ததாம். மேலே குழாயும் இல்லை, கூரையும் ஒழுகவில்லை.

அடுத்து மிஸ். மலருக்கு முன்னுரை எழுதியிருக்கிறார். பிரம்மா கொடுத்தார், முனிவர் எழுதினார், சிவன் ஆடினார், அடுத்த வரியில் நாம் ஆடுகிறோம். நடுவில் சில நூறு வருஷம் யார் ஆடினார்கள்? கேட்டேன். "கோயில்ல தேவதாசிங்க ஆடினாங்க, சதிர்னு பேரு. அதைச் சுத்தப்படுத்தித்தான் இப்போ நாம ஆடறோம்" என்றார். நெம்மேலியில் கடல் தண்ணீரைச் சுத்தப்படுத்தி உப்பைத் தனியாக எடுத்துவிட்டுச் சென்னைக்குக் குடிக்க அனுப்புகிறார்களே, அதுமாதிரி. தண்ணீர் மேடைக்குப் போய்விட்டது. காமு திரும்பக் கடலில். இதையும் சொல்லிவிட்டேன். வாயை மூடு என்றார்.

நம் வீட்டில் மட்டும் படத்தை மாற்றவில்லை அத்தை. எல்லா இடத்திலும் ஆடியவளை எடுத்துவிட்டு டீச்சரை மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மிஸ் கெட்டவர் இல்லை. மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுப் பெரியவங்க கையெழுத்தோட எழுதிக் கொடுத்தா போடறேன். நாளைக்கு யாராவது வந்து எங்க குடும்ப மானம் போச்சுன்னு நின்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். டிசம்பர் பத்தாம் தேதி அச்சு. அப்பா உங்களைக் காட்டுகிறார், நீங்கள் நடராஜரைக் காட்டுகிறீர்கள், அவர் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

ஒரே ஒரு வரி. 'காமு, கோயிலில் ஆடியவர்.' அதில் என்ன கெட்டுப்போகிறது?

கோபத்தோடு, அன்போடும்,
அதிதி


ஓசூர்
29 செப்டம்பர் 2024

அதிதிக்கு,

நலம். மாமா கோயிலுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி முடித்துவிடவேண்டும்.

என்ன கெட்டுப்போகிறது என்று கேட்டாய். தொண்ணூறாம் வருஷம் தை மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து திரும்பிப் போயிருந்தது. இரண்டு பேரும் கூடத்துப் படத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் காப்பியைக்கூடத் தொடவில்லை. வாசலில் இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். கோயிலில் அதற்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. தெருவில் அது வசவு.

பஜாரில் ஸ்டுடியோவை மூடுகிறார்கள் என்று ஷோகேஸ் படங்களைச் சும்மா கொடுத்தார்கள். அதில் அந்த டீச்சர் இருந்தார். பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் முகம். நான்தான் எடுத்து வந்தேன். உன் தாத்தா இல்லை, அப்பா இல்லை. நான். உன் மாமா வீட்டார் வந்து, "இவங்க யாரு?" என்று கேட்டார்கள். "எங்க ஆயா, டீச்சர்" என்றேன். அந்த வாய் இதே வாய்தான்.

மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நீ சலங்கையை மட்டும் பார்க்கிறாய் கண்ணு. ஏழு வயதில் பொட்டுக் கட்டினார்கள், ஆயாவை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு யார் வரலாம் என்றும் அவர்களைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா பேர் கேட்டபோது உன் தாத்தா எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றாராம். நாற்பத்தேழில் பொட்டுக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது, நல்லதுதான். ஆனால் ஆட்டமும் அன்றோடு போயிற்று. சாமிக்குக் கண்ணேறு கழிக்கக் கும்ப ஆரத்தி சுற்றுவது ஆயாவின் கை. அதன்பிறகு கோபுர வாசலில் நின்று பார்ப்பார்களாம். எனக்கு நினைவு தெரிந்தபோது, விளக்கு வைக்கும் நேரத்தில் வெறும் கையை மூன்று தடவை சுற்றுவார்கள். என் தலையைச் சுற்றி. வேறு யாரும் இல்லாவிட்டால் பூனையைச் சுற்றி.

அந்தப் படம் இல்லை. தாத்தா எரிக்கச் சொன்னார். விட்டுவிடு.

போட வேண்டாம். என்னைக் கேட்டாய், சொல்லிவிட்டேன்.

மாமா வந்துவிட்டார்.

வ.


செங்கல்பட்டு
8 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். அந்தப் பூனைக்கு ஒரு கண்ணேறும் வந்திருக்காது.

நான் சலங்கையை மட்டும்தான் பார்த்தேன், உண்மை. மன்னித்துவிடுங்கள். தாத்தா எச்சில் விழுங்கிய இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் கேட்கிறேன், வெட்கமில்லாமல். ஆயாவை யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். பொட்டுக் கட்டும்போது கேட்கவில்லை, நிறுத்தும்போது கேட்கவில்லை, சுவரிலிருந்து இறக்கும்போதும் கேட்கவில்லை. இப்போது மலரில் வேண்டாம் என்று முடிவு செய்வதும் அவரைக் கேட்காமல்தானே? மாமாவிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கண் ஆபரேஷனுக்கே டாக்டரிடம் ஜோக் சொன்ன மனுஷர். அவரா உங்களை வீட்டை விட்டு அனுப்பப்போகிறார்?

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அதிதி


செங்கல்பட்டு
6 நவம்பர் 2024

அத்தைக்கு,

தீபாவளி நல்லபடி முடிந்தது. உங்கள் அதிரசம் வரவில்லை. வருஷா வருஷம் வரும். கடிதமும் வரவில்லை. அம்மா போன் பண்ணினால் மாமா எடுத்து, "அத்தை குளிக்கிறா" என்கிறார். ஒரு மாதமாகவா குளிக்கிறீர்கள்?

ஞானதாஸ் ஐயா வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். காப்பி எடுத்துக் கொடுத்தோம், ஆனாலும் அசலைப் பார்க்க வருகிறார். அம்மா குங்குமத்தைத் துடைத்துவிட்டாள். இப்போது யாருக்கு விளக்கு ஏற்றுவது என்று தெரியாமல் பொதுவாக ஏற்றுகிறாள்.

எனக்கு ஜதி வருகிறது, பாவம் வரவில்லை என்கிறார் மிஸ். முகம் எப்போதும் கடுகடு என்று இருக்கிறதாம். இருக்காதா?

உறைக்குப் பின்னால் ஒன்று எழுதியிருக்கிறேன், அதையாவது படியுங்கள்: 'அனுப்புநர்: காமுவுக்காக வாசலில் நிற்கும் விருந்தாளி.'

அதிதி


செங்கல்பட்டு
18 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மூர்த்தி மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கண், சர்க்கரை, இருமல் எல்லாம் நலம்தானே? உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அத்தையிடமிருந்து கடிதமே இல்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு விஷயமே கிடையாது. சத்தியமாக.

அத்தையை எழுதச் சொல்லுங்கள்.

விருந்தாளி


ஓசூர்
25 நவம்பர் 2024

அதிதிக் குட்டிக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். உன் அத்தைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதங்களை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறாள். அக்டோபர் கடிதத்தை அடிக்கடி எடுத்துப் படிக்கிறாள், தீபாவளிக் கடிதத்தை இன்னும் பிரிக்கவே இல்லை. நான் ஒன்றையும் படிக்கவில்லை. ஆனால் உறையின் பின்பக்கத்தைப் படிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. காமு என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்தபிறகு எனக்கும் தூக்கம் சரியில்லை. அதனால் சொல்கிறேன்.

எங்கள் தலை தீபாவளி உங்கள் வீட்டில். மாப்பிள்ளை முறுக்கில் வாசலில் ராக்கெட் விட்டேன். அது வானத்துக்குப் போகாமல் கூடத்துக்குப் போய்ப் படத்தின் கண்ணாடியை உடைத்தது. எனக்கு ஒரே அவமானம். யாரிடமும் கொடுக்காமல் நானே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்பலகையைக் கழற்றினார். டீச்சர் படத்துக்குப் பின்னால் இன்னொரு படம்.

சலங்கை, ஜடை, நெற்றிச்சுட்டி, தூக்கிய ஒரு கை. புரட்டினேன். 'காமு, கோயில் நாட்டியம், 1936' என்று இருந்தது. பார்த்த உடனே புரிந்துவிட்டது. அந்த மூக்கு என் கல்யாணப் போட்டோவில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடைக்காரரிடம் ஒரு சீட்டு வாங்கி வச்சலாவுக்கு நாலு வரி எழுதினேன். இரண்டு படத்துக்கும் நடுவில் வைத்து மூடச் சொன்னேன். வீட்டுக்கு வந்தேன். உன் அத்தை வாசலிலேயே நின்றாள். "கண்ணாடி மாட்டும்போது நீங்க பக்கத்துல நின்னீங்களா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், "இல்லியே, வெளியே டீ குடிச்சேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எப்படியும் பிரித்துப் பார்ப்பாள், சீட்டைப் படிப்பாள், அவளே பேசுவாள் என்று இருந்தேன்.

பேசவில்லை. படித்துவிட்டுத்தான் பேசவில்லை, இதைப் பற்றிப் பேசவேண்டாம் என்பதுதான் அவள் பதில் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பேசவில்லை. அதற்குள் முப்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

நீ ஒன்று செய். சட்டத்தைப் பிரித்துப் பார். சீட்டு இருக்கிறதா, எடுத்துவிட்டாளா, அதை மட்டும் எனக்கு எழுது. இரண்டில் எது என்று தெரிந்தால் போதும்.

எப்போது விருந்துக்கு வருகிறாய்?

மூர்த்தி


செங்கல்பட்டு
1 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை நீங்கள் அரிசி டப்பாவில் போடமுடியாது. பிரித்தால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும்.

சட்டத்தைப் பிரித்துவிட்டோம். அப்பா ஸ்குரூ டிரைவர் பிடித்தார், அம்மா தட்டு பிடித்தாள், ஞானதாஸ் ஐயா மூச்சைப் பிடித்தார். படம் ஒட்டவும் இல்லை, கிழியவும் இல்லை. எங்களை நன்றாக ஏமாற்றினீர்கள் அத்தை. ஒரு சட்டம் வந்து ஆயாவை வெளியே நிறுத்தியது, ஒரு சட்டத்துக்குள் நீங்கள் ஒளித்து வைத்தீர்கள். நான் நாலைந்து மாதமாகப் படம் எங்கே என்று கத்தியதெல்லாம் ஆயாவின் காதுக்கு மூன்றடி தூரத்தில். அவர் என்ன நினைத்திருப்பார்?

எரிக்கச் சொன்னபோது நீங்கள் எரிக்கவில்லை. அதை ஏன் எனக்கு எழுதவில்லை? அதுதானே நல்ல விஷயம்?

அப்பா படத்தைப் பார்த்து, "அக்கா மூக்கு" என்றார். ஞானதாஸ் ஐயா தன் அம்மாவை வெள்ளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். படியில் நின்று திரும்பி, "பத்தாந் தேதிதான் அச்சு. உன் பக்கத்தை மட்டும் கடைசியா ஓட்டறேன். எங்கம்மாவ இத்தினி வருஷம் பாத்துக்கினீங்க, உங்கம்மாவுக்கு நான் நிக்க மாட்டேனா?" என்றார். அச்சகத்தில் என் பக்கம் காலியாக இருக்கிறது.

நடுவில் ஒரு சீட்டு இருந்தது. மடித்த மடிப்புக் கலையவில்லை. உங்கள் பெயர் போட்டிருந்ததால் நான் படிக்கவில்லை. (படித்தேன். அம்மாவும்.) இதோடு வைத்திருக்கிறேன். எழுதியவர் தினமும் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நீங்கள் படித்துவிட்டுத்தான் பதில் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

இரண்டு மாதம் பதில் வராததற்கே நான் இப்படிக் குதித்தேன்.

அதிதி

(உள்ளே, மஞ்சளேறிய சீட்டு)

வச்சலா, கண்ணாடி மாற்றும்போது பார்த்தேன். எவ்வளவு லட்சணமாக நிற்கிறார்கள்! எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். அதுவரை நான் கேட்க மாட்டேன். இனி ராக்கெட் விட மாட்டேன்.
மூர்த்தி, தீபாவளிக்கு மறுநாள், 1990


ஓசூர்
7 டிசம்பர் 2024

அன்புள்ள அதிதிக்கு,

முழங்கால் வலிக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை நூற்றெண்பது. மற்றதெல்லாம் சுகம்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பத்தாம் தேதிக்குள் வராவிட்டாலும் ஞானதாஸ் ஐயாவை நிறுத்தி வைக்கச் சொல். உன் மிஸ் கையெழுத்துக் கேட்டார்களே, இந்தக் காகிதத்தையே காட்டு. இப்படிப் போடு: 'காமு. கோயிலில் ஆடியவர். கும்ப ஆரத்தி எடுத்தவர். சம்பத்தின் தாய். வச்சலாவின் ஆயா.' என் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும். டீச்சர் என்று சொன்ன வாய் என்னுடையது.

உன் உறை வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு பிரித்துவிட்டேன், சீட்டில் ஓரமாக மை கலங்கியிருக்கிறது. நின்றுகொண்டே படித்தேன். அவர் வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டைக் காட்டவில்லை. "எங்க ஆயா பேரு காமு" என்று ஆரம்பித்தேன்.

"ம்" என்றார், இப்போதுதான் முதல் தடவை கேட்கிறவர் மாதிரி.

மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அதிதி. ஒருநாள் சாதம் குழைந்தது, ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இன்னும் ஆயாவுக்கு ஒன்பது வயதுகூட ஆகவில்லை. அவர் நடுவில் எதுவும் கேட்பதில்லை. நான் நிறுத்தினால் மட்டும், "ம், அப்புறம்?" என்கிறார்.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அவர் வாசலில் நாற்காலியைப் போட்டுவிட்டார். இரண்டு நாற்காலி. நான் போகிறேன்.

காமுவின் பேத்தி
வச்சலா